பேச்சுக் கணக்கு

என்.சி. வீதியில் நவ்பரின் கடை.
கண்ணாடிக்குள் கறுப்பாய் ஒன்று
எட்டு அன்டெனாவையும் விரித்து
மல்லாந்த நண்டு மாதிரிக் கிடந்தது.
"இதை எடுங்க மிஸ், பறக்கும்" என்றார்.

பறக்கட்டும்.
எத்தனை பேரை நினைவில் வைத்துக்கொண்டு பறக்கும்
என்று கேட்டேன்.
அட்டைப்பெட்டியை நாலு பக்கமும் திருப்பினார்.
வேகம் இருந்தது, நிறம் இருந்தது,
இரண்டு வருட உத்தரவாதம் இருந்தது.
நான் கேட்டது அச்சிடப்படவில்லை.

டொக்யார்ட் வீதி விடுதியில் அறுநூறு பிள்ளைகள்.
ஆளுக்கொரு போன், பாதிப் பேரிடம் மடிக்கணினி.
சும்மா மேசையில் கிடக்கிற போனே
நாற்பது இடத்தோடு கதைத்துக்கொண்டிருக்கும்,
கையில் எடுத்தால் இருநூறு.
சிற்றுண்டிச்சாலைப் பில்லின் பின்பக்கத்தில் பெருக்கினேன்:
ஒரு இலட்சத்து எண்பதாயிரம்.

அத்தனையும் ஒரே வாசலால்
ஒரே முகவரியை உடுத்துக்கொண்டு வெளியே போகின்றன.
திரும்பி வருகிற ஒவ்வொரு பதிலையும் மறித்து
நீ நாற்பத்திரண்டாம் அறை, மேல் கட்டில்
என்று சொல்லிவிட ஒருத்தர் வேண்டும்.
பழைய பெட்டியின் கொப்பியில்
பதினாறாயிரத்து முந்நூற்று எண்பத்து நான்கு வரிகள்.
இரவு ஒன்பதுக்கு நிறைந்துவிடும்.
பிறகு தட்டுகிறவருக்கு
இல்லை என்றுகூடச் சொல்லாது.

கேபிளில் முக்கால்வாசி காலி.
அறிவித்தல் பலகையில் 'நெட் ஸ்லோ' என்று
தமிழிலும் எழுதினார்கள், சிங்களத்திலும் எழுதினார்கள்.
ஸ்லோ இல்லை பிள்ளைகளே,
மறதி.

அந்த மாதங்களில் நான் செய்ததையும் சொல்ல வேண்டும்.
இடம் போதாதபோது
மௌனமாய் இருக்கிற தொடர்புகளை
முதலில் வெட்டச் சொன்னேன்.
ஐந்து நிமிடம். பிறகு இரண்டு.
பிறகு முப்பது விநாடி.
சத்தம் போட்டவர்கள் எல்லாரும் தப்பினார்கள்.

கொள்வனவுக் குழுவில் மூன்று கொட்டேஷன்.
கணக்காளர் செபமாலை
பேனையை விலை நிரலில் மட்டும் ஓட்டினார்.
நான் நாலாவது நிரல் ஒன்று கீறியிருந்தேன்:
ஒரேநேரத் தொடர்புகள் ஐந்து இலட்சத்துக்குக் குறையாமல்.
நினைவகம் நாலு ஜிபி.
வேகம், சின்னச் சின்னப் பொதிகளால் நிரப்பி
எல்லாத் தடுப்பு விதிகளோடும் அளந்த வேகம்;
வெறும் வயிற்றில் அளந்தது வேண்டாம்.
"அன்டெனா ஒன்றும் இல்லையே, தங்கச்சி?"
அது ஏற்கனவே ஒவ்வொரு மாடிக் கூரையிலும் இருக்கு, ஐயா.
இது வாசற்காரர் மட்டும்.
துறைமுகம் எவ்வளவு ஆழம் என்று
இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.
கயிறு கட்ட எத்தனை குற்றி என்று
கப்பல்காரன்தான் கேட்பான்.
அவர் சிரிக்கவில்லை. கையெழுத்து வைத்தார்.

வந்து சேர்ந்தது அவலட்சணமாய், தகர நிறத்தில்.
விசிறி உவர்மலை ஏறுகிற பஸ் மாதிரி முனகியது.
கீழ்த்தள அறைக்காரர் முதல் இரவே முறைப்பாடு.

இரண்டே முக்கால். எண்ணிக்கை
ஒரு இலட்சத்து எழுபதாயிரம் வரை ஏறி
இப்போது மெல்ல வடிகிறது.
பட்டியலின் அடியில்
நாலு மணித்தியாலமாய் ஒரு வரி.
அந்தப் பக்கம் தோஹா.
ஒன்றும் போகவில்லை, ஒன்றும் வரவில்லை.
எப்போதாவது ஒரு சின்னப் பொதி,
இருக்கிறாயா என்பது போல்.
அங்கிருந்து ஒன்று,
ம் என்பது போல்.
எந்த அறை என்று பார்க்கலாம்.
பார்க்கவில்லை.
முப்பது விநாடி என்றிருந்த இடத்தை அழித்து
ஒரு நாள் என்று எழுதினேன்.

விடிய வெளியே வந்தால்
படலையடியில் இரண்டு புள்ளிமான்கள்
புதிய அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டு நின்றன.
ஐந்து இலட்சம் என்று அச்சிட்டிருந்த பக்கம்
ஏற்கனவே போய்விட்டது.